ஓஃபீலியா: ஓடையிலும் குளியல் தொட்டியிலும் வரையப்பட்ட ஓர் ஓவியம்

கேட்கப்பட்டவை மூன்று. ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே வரைந்த 'ஓஃபீலியா' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் தண்ணீரில் மிதக்கும் பெண் இறந்துவிட்டாளா, உயிரோடு இருக்கிறாளா? அந்தப் படத்துக்காகத் தண்ணீரில் கிடந்த பெண் அதனாலேயே இறந்துபோனார் என்று பலரும் சொல்வது உண்மையா? ஒரு நாடகப் பாத்திரத்தை வைத்து வரைந்த படத்துக்கு இவ்வளவு புகழ் எதற்கு? முதல் இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். படத்தில் இருப்பவள் இறக்கவில்லை, பாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாதிரியாக இருந்த எலிசபெத் சிடால் அதன் பிறகு பத்தாண்டுகள் வாழ்ந்தார். மூன்றாவது கேள்விக்குத்தான் நாடகத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓஃபீலியா டென்மார்க் அரசவை அமைச்சர் பொலோனியஸின் மகள், இளவரசன் ஹாம்லெட்டின் காதலி. காதலித்தவன் அவளை உதறுகிறான்; பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவள் தந்தையை யாரென்று அறியாமலேயே குத்திக் கொல்கிறான். அவளுக்குச் சித்தம் கலங்குகிறது. பாட்டுப் பாடிக்கொண்டும் வருவோர் போவோருக்கெல்லாம் பூக்களையும் இலைகளையும் கொடுத்துக்கொண்டும் அரண்மனையில் திரிகிறாள். அதன் பிறகு அவளை நாம் உயிரோடு பார்ப்பதில்லை. அவள் சாவு மேடையில் நடப்பதே இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான்காம் அங்கத்தின் ஏழாம் காட்சியில் அரசி கெர்ட்ரூட் உள்ளே வந்து, ஓஃபீலியாவின் அண்ணன் லேயர்டீஸிடம் உன் தங்கை மூழ்கிப்போனாள் என்கிறாள். ஓடையின் மேல் சாய்ந்து வளர்ந்த வில்லோ மரம் ஒன்று. அதன் கிளையில் பூமாலைகளைத் தொங்கவிட ஏறியபோது கொம்பு முறிந்து அவள் நீரில் விழுந்தாள். உடைகள் விரிந்து நீர்மகளைப் போலச் சிறிது நேரம் அவளைத் தாங்கின. தனக்கு நேர்ந்திருப்பது இன்னதென்றே அறியாதவளாக அவள் பழைய பாட்டுகளின் துணுக்குகளைப் பாடிக்கொண்டிருந்தாள். பின் நீரைக் குடித்துக் கனத்த உடைகள் பாட்டின் நடுவிலேயே அவளைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டன என்று அரசி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள்.

இந்தப் பேச்சைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தது யார்? பார்த்தவர் ஏன் ஒரு கிளையையாவது நீட்டவில்லை? நாடகம் இதற்குப் பதில் சொல்வதில்லை. அடுத்த அங்கத்தில் குழி வெட்டுபவர்கள் இது தற்கொலைதானே, இவளுக்குக் கிறித்தவ முறைப்படி அடக்கம் உண்டா என்று தங்களுக்குள் வாதிட்டுக்கொள்கிறார்கள். அதற்கும் முடிவு கிடைப்பதில்லை. ஆகவே ஓஃபீலியாவின் சாவு என்பது நாடகத்துக்குள்ளேயே ஒரு செவிவழிச் செய்தி. தமிழ் மேடைக்கும் இந்த நாடகம் புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் இதைத் தழுவி 'அமலாதித்யன்' என்று எழுதி நடித்திருக்கிறார். மேடையில் ஓடையைக் காட்ட முடியாத ஷேக்ஸ்பியர் அதைச் சொல்லால் காட்டினார். சொல்லால் காட்டியதை வண்ணத்தால் காட்டிப் பார்க்கும் ஆசை ஓவியர்களை விடவில்லை. பிரான்ஸில் டெலாக்ருவா, முறியப்போகும் கிளையை ஒரு கையால் பற்றித் தொங்கும் ஓஃபீலியாவைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மில்லேயின் படம் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே 1852ஆம் ஆண்டு, லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியின் கண்காட்சியில் ஆர்தர் ஹியூஸ் வரைந்த ஓஃபீலியாவும் இருந்தது. அதில் அவள் இன்னும் விழவில்லை, நீரோரம் மரத்தில் அமர்ந்து பூக்களை ஒவ்வொன்றாக நழுவவிடுகிறாள்.

மில்லே எடுத்துக்கொண்டது விழுந்ததற்கும் மூழ்குவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு பொழுதை. வாய் பாதி திறந்திருக்கிறது, அது பாட்டு. கண்கள் மூடியில்லை, ஆனால் எதையும் பார்க்கவுமில்லை. இரு கைகளும் நீருக்கு மேலே உள்ளங்கை தெரிய விரிந்திருக்கின்றன. மார்புப் பகுதியில் ஆடை இன்னும் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு மேலே நிற்க, இடுப்புக்குக் கீழே அது நீருக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. படத்தின் நல்ல பிரதி கிடைத்தால் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நீருக்கு மேல் வெள்ளியாகத் தெரியும் பூவேலைப்பாடு, நீருக்குள் போகப் போகப் பழுப்பும் பச்சையுமாக மங்கி, இது துணியா, அடியில் கிடக்கும் பாசியா என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. அரசியின் பேச்சில் உள்ள 'உடைகள் நீரைக் குடித்தன' என்ற தொடரை வண்ணத்தில் மொழிபெயர்த்தால் இப்படித்தான் இருக்கும். மில்லே இந்த நாடகத்துக்குப் படம் போட்டார் என்பதைவிட, அந்தப் பதினெட்டு வரிப் பேச்சுக்கு உரை எழுதினார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நல்ல உரையாசிரியர்களைப் போலவே அவரும் ஒரு சொல்லையும் விடவில்லை. சில இடங்களில் மூலத்தில் இல்லாததையும் சேர்த்தார்.

அப்போது அவருக்கு வயது 22. பதினோரு வயதிலேயே ராயல் அகாடமி பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட மேதைப் பிள்ளை. 1848இல் ஹோல்மன் ஹண்ட், ரோசெட்டி முதலியவர்களோடு சேர்ந்து, இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர் ரஃபேலுக்கு முந்தைய ஓவியர்களின் தெளிவுக்குத் திரும்புவோம் என்று அறிவித்து ஒரு குழுவைத் தொடங்கியிருந்தார். ப்ரீ-ரஃபேலைட் சகோதரத்துவம் என்பது அதன் பெயர். அகாடமி ஓவியங்களில் அன்று ஓங்கியிருந்த பழுப்பு மண்டிய இருட்டு அவர்களுக்கு ஆகவில்லை. கித்தானில் வெண்மையான அடிப்பூச்சைப் போட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும்படி மெல்லிய வண்ணங்களைத் தீட்டினார்கள். அடியில் உள்ள வெண்மை மேலே உள்ள பச்சையையும் சிவப்பையும் உள்ளிருந்து விளக்குப் போட்டதுபோல் காட்டும். இயற்கையை நேரில் பார்த்துத்தான் வரைவது என்பது மற்றொரு விதி. அதற்கு ஒரு தொழில்நுட்ப வசதியும் அப்போது வந்திருந்தது. எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்துக்கொண்டிருந்த காலம் போய், 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்பவர் காப்புரிமை பெற்ற, மடித்து நசுக்கக்கூடிய உலோகக் குழாய்கள் கடைக்கு வந்துவிட்டன. வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போக முடிந்தது.

மில்லே போனது லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரேயில் யூவெல் அருகே ஓடும் ஹாக்ஸ்மில் என்ற சிற்றாற்றங்கரைக்கு. 1851 ஜூலை தொடங்கி நவம்பர் வரை, வாரத்தில் ஆறு நாட்கள், நாளுக்குப் பதினோரு மணி நேரம் வரை அங்கே உட்கார்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தம் ஆதரவாளரின் மனைவிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஓவியர்கள் எழுதிய கடிதங்களில் இவ்வளவு சிரிக்கவைப்பது வேறொன்றை நான் படித்ததில்லை. அரைப்பென்னிக் காசளவு நிழல் தரும் குடையின் கீழ் தையற்காரரைப் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதாகவும், சர்ரேயின் ஈக்கள் மற்ற இடத்து ஈக்களைவிடத் தசைப்பற்று மிக்கவை என்றும், வயலில் அத்துமீறி நுழைந்து வைக்கோல் புல்லை மிதித்துக் கெடுத்ததற்காக நீதிபதி முன் நிறுத்துவதாக மிரட்டல் வந்திருப்பதாகவும், புல் அறுவடையானதும் அதே வயலில் காளையை விடப்போகிறார்களாம் என்றும் அதில் முறையிடுகிறார். போதாததற்கு, தாம் வரைய நினைக்கும் இடத்திலேயே வந்து நின்றுகொண்டு தம்மையே உற்றுப் பார்க்கும் இரண்டு அன்னங்கள், எட்டிய நீர்ச்செடிகளையெல்லாம் தின்று தீர்த்தனவாம். காற்று தம்மை நீரில் தள்ளி ஓஃபீலியாவின் அனுபவத்தை நேரில் உணரச் செய்துவிடுமோ என்பது அவருடைய மற்றொரு கவலை. கொலைகாரனுக்குத் தூக்கைவிட இதுதான் கடுமையான தண்டனை என்பது அவர் தீர்ப்பு. குளிர் வந்தபோது நான்கு தட்டிகளைக் கட்டி வைக்கோல் வேய்ந்து காவல்கூண்டு போல ஒன்றைச் செய்து அதற்குள் உட்கார்ந்து முடித்தார்.

ஐந்து மாதம் என்பது அவர் பட்ட துன்பத்தின் கணக்கு மட்டுமன்று. படத்துக்குள்ளேயே அது புகுந்திருக்கிறது. ஒரே கரையில் சேர்ந்து பூக்க வாய்ப்பில்லாத பூக்கள் இந்தப் படத்தில் அருகருகே பூத்திருக்கின்றன. செடி செடியாக, பூத்தபோது பூத்ததை அவர் வரைந்துகொண்டே போனதால் பல வாரங்கள் ஒரே கணத்துக்குள் அடைபட்டுவிட்டன. ஒவ்வோர் இலையும் உண்மை. எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் பொய். இந்தப் பொய்யைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனித்த பிறகு அந்தக் கரை ஏன் மூச்சு முட்டும்படி அடர்ந்திருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது.

பூக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்சி சூடினால் ஆநிரை கவர்வது, கரந்தை சூடினால் மீட்பது என்று பூவையே சேதியாக்கிய இலக்கியத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். விக்டோரியா கால இங்கிலாந்திலும் பூக்களுக்கு அகராதி இருந்தது. மில்லே வரைந்தவற்றில் சில நேரே நாடகத்திலிருந்து வந்தவை: வில்லோ மரம் கைவிடப்பட்ட காதலுக்கு, அதன் கிளைகளுக்கிடையே வளரும், நம்மூர்க் காஞ்சொறியைப் போலத் தொட்டால் சுடும் நெட்டில் செடி வலிக்கு, டெய்சி களங்கமின்மைக்கு, மிதக்கும் பேன்சி நினைவுக்கும் வீணான காதலுக்கும். கழுத்தைச் சுற்றியுள்ள வயலட் சரத்துக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. சித்தம் கலங்கிய காட்சியில் ஓஃபீலியா, உங்களுக்கு வயலட் தந்திருப்பேன், என் தந்தை இறந்தபோது அவையெல்லாம் வாடிவிட்டன என்கிறாள். அடக்கத்தின்போது அண்ணன், அவள் உடலிலிருந்து வயலட் பூக்கள் முளைக்கட்டும் என்கிறான். அவள் கொடுக்க முடியாமல் போன பூவையே மில்லே அவளுக்கு அணிவித்துவிட்டார். அண்ணன் அவளை மே மாதத்து ரோஜா என்று அழைத்ததை நினைவூட்டுவதுபோல முகத்தருகிலும் ஆடையோரத்திலும் ரோஜாக்கள் இருக்கின்றன. ஆனால் கண்ணை முதலில் இழுக்கும் சிவப்புப் பாப்பிப் பூ நாடகத்தின் பூப்பட்டியல் எதிலும் இல்லை. கசகசாவும் அபினும் தரும் செடியின் இனமாகையால் உறக்கத்துக்கும் சாவுக்கும் அது குறியாகிவிட்டது. மில்லே தாமாகவே கொண்டுவந்து சேர்த்த உரை இது.

ஓரிடத்தில் உரையாசிரியர் வழுக்கியும் இருக்கிறார். மாலையில் இருந்த 'நீண்ட ஊதாப்பூக்களை' ஆட்டிடையர்கள் கொச்சையான பெயரால் அழைப்பார்கள், கன்னிப் பெண்களோ பிணவிரல் என்பார்கள் என்று அரசி சொல்கிறாள். ஷேக்ஸ்பியர் நினைத்தது பெரும்பாலும் வசந்தத்தில் பூக்கும் ஒரு காட்டு ஆர்க்கிட் என்பது அறிஞர் கருத்து. மில்லே வரைந்திருப்பது வலது மேற்புறத்தில் நெட்டையாக நிற்கும், நம் மருதாணி அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் ஊதாக் கதிர்ப்பூ. தெரியாமல் செய்தாரோ, ஆற்றங்கரையில் அந்த மாதத்தில் கிடைத்தது இதுதானோ. கிடைத்ததை வரைவது என்ற விதிக்கும் சொன்னதை வரைவது என்ற விதிக்கும் மோதல் வந்தபோது முதல் விதியே வென்றிருக்கிறது. இடது மேற்புறக் கிளையில் அமர்ந்திருக்கும் ராபின் குருவி, ஓஃபீலியா பாடும் பாட்டில் வரும் இனிய ராபினாக இருக்கலாம். வலப்புற இலைக்கொத்துகளின் நிழலில் ஒரு மண்டையோடு தெரிகிறது என்றும் சிலர் காட்டுவார்கள். காட்டிய பிறகு எனக்கும் தெரிகிறதுதான், ஆனால் அது மில்லே வைத்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வைத்துவிட்டு எடுத்த ஒன்று உண்டு. நீரெலி ஒன்றையும் அவர் நீந்தவிட்டிருந்தார். டிசம்பரில் ஹண்டின் மாமாவும் அத்தையும் படத்தைப் பார்க்க வந்தார்கள். மற்ற எல்லாவற்றையும் சரியாக அடையாளம் கண்ட அவர்களுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. இது என்ன சொல்லுங்கள் என்றதற்கு மாமா காட்டுமுயல் என்றார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து வீட்டுமுயல் என்றார். பிறகு நாய், பூனை என்றெல்லாம் பேச்சு எழுந்ததாக மில்லே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எலி அழிக்கப்பட்டது. அதற்காகப் போட்ட சிறு வரைவு மட்டும் கித்தானின் மேல் மூலையில், சட்டகம் மறைக்கும் இடத்தில், இன்றும் இருக்கிறது.

இதுவரை சொன்ன கரையில் பெண்ணே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நடுவில் வெற்றிடத்தை விட்டுக் கரையை முழுதும் முடித்து லண்டனுக்கு எடுத்துவந்த பிறகுதான், கோவர் தெருவில் இருந்த வீட்டில் குளிர்காலத்தில் எலிசபெத் சிடாலை வரையத் தொடங்கினார். தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வட்டத்து ஓவியர் ஒருவர் கண்ணில் பட்டு மாதிரியாக வந்தவர் அவர், மில்லேயின் வயதுதான். நீர் நிறைந்த குளியல் தொட்டியில் அவர் உடையோடு படுத்திருக்க, தண்ணீர் ஆறிவிடாமல் அடியில் விளக்குகளை எரியவிட்டார்கள். ஒரு நாள் விளக்குகள் அணைந்துபோயின. வரைவதில் மூழ்கிய மில்லே கவனிக்கவில்லை. சிடாலும் வாய் திறக்கவில்லை. கடுமையாக நோயுற்றார். அவர் தந்தை ஐம்பது பவுண்டு கேட்டு வழக்குப் போடுவதாக மிரட்ட, மில்லே மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு சமாதானமானார். அந்த வெள்ளிப் பூவேலை உடை 1852 மார்ச்சில் வாங்கியது. பழையதும் அழுக்குமாக இருந்தும் நான்கு பவுண்டு ஆனது என்று மில்லே கடிதத்தில் பெருமையாகக் குறிப்பிடுகிறார். படமோ, பெண் இன்னும் முழுமையாகாத 1851 டிசம்பரிலேயே ஹென்றி ஃபேரர் என்ற வணிகருக்கு 300 கினிக்கு, அதாவது 315 பவுண்டுக்கு, விலைபோயிருந்தது.

ஆக, ஓடும் நீரைப் பார்த்து வரைந்த கரையும் தேங்கிய நீரைப் பார்த்து வரைந்த உடலும் ஒரே கித்தானில் சேர்ந்திருக்கின்றன. தேடினால் தையல் தெரிகிறது. முகத்தில் விழும் ஒளி திறந்தவெளி வெயில் அல்ல, அறை வெளிச்சம். அவளைச் சுற்றி நீர் அசைவற்று நிற்கிறது. நீரோட்டம் அவளைக் கொண்டுபோவதாகவே தோன்றவில்லை. இதைக் குறை என்று சொல்வோரோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் படத்தின் முன்னால் நிற்பவரை அசையவிடாமல் செய்வது அந்த அசைவின்மைதான். 76 சென்டிமீட்டர் உயரமும் 112 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்தப் படத்தில் வானம் கிடையாது, தொடுவானம் கிடையாது, எதிர்க்கரை முழுக்கப் புதர். நாம் நிற்கும் இடம் இக்கரை. கை நீட்டினால் அவள் விரல் எட்டிவிடும் தூரம். நாடகத்தில் பெயரில்லாமல் போன அந்தப் பார்வையாளரின் இடத்தில், இவ்வளவையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றவரின் இடத்தில், மில்லே நம்மை நிறுத்தியிருக்கிறார். கதைப் பெண்களை வைத்து அந்த நூற்றாண்டில் வரைந்த படங்கள் ஏராளம். அழகான ஒருத்தியைப் பழங்கால உடையில் நிறுத்திக் கீழே பெயர் எழுதிவிட்டால் போதும் என்று இருந்தவையே அவற்றில் அதிகம். பெயரை நீக்கினாலும் இந்தப் படம் நிற்கும். அதன் புகழுக்கு நான் சொல்லக்கூடிய காரணம் இதுதான்.

வந்த புதிதில் எல்லோரும் பாராட்டிவிடவில்லை. களை மண்டிய சாக்கடையில் ஓஃபீலியாவை முக்கியெடுத்துவிட்டு, அவள் துயரத்தை விட்டு இதழ் இதழாகப் பூவை ஆராயும் கற்பனையில் ஏதோ கோணல் இருக்கிறது என்று 'தி டைம்ஸ்' எழுதியது. பிறகு கருத்து மாறிற்று. சர்க்கரை வணிகர் ஹென்றி டேட் 1894இல் நாட்டுக்கு அளித்த ஓவியங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது, அவர் பெயரால் அமைந்த லண்டன் டேட் காட்சிக்கூடத்தின் உடைமையாக இன்றும் இருக்கிறது.

இனி சிடால். குளியல் தொட்டியில் பிடித்த சளியால்தான் அவர் செத்தார் என்ற கதை ஓஃபீலியாவையும் அவரையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஆசையில் பிறந்தது. அவர் ரோசெட்டியை 1860இல் மணந்தார். 1861இல் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபினைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் லாடனம் என்ற மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்தார். விசாரணையில் விபத்து என்றே தீர்ப்பாயிற்று. கணவர் தம் கவிதைக் கையெழுத்துப் படியைப் பெட்டியில் வைத்துப் புதைத்ததும், 1869இல் கல்லறையைத் தோண்டி அதை வெளியே எடுத்ததும் இந்தக் கதையை இன்னும் பெரிதாக்கின. இவற்றையெல்லாம் சொல்பவர்கள் சொல்ல மறப்பது, அவரும் ஓவியர், கவிஞர் என்பதை. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவர் படங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு தர 1855இல் முன்வந்தார். 1857இல் லண்டன் ரஸ்ஸல் பிளேஸில் நடந்த ப்ரீ-ரஃபேலைட் கண்காட்சியில் படம் வைத்த ஒரே பெண் அவர்.

அவரும் ஓர் இலக்கிய நாயகியை வரைந்திருக்கிறார், டென்னிசனின் கவிதையில் வரும் ஷாலட் சீமாட்டியை. வெளியுலகைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம், நேரே பார்த்தால் சாபம் என்ற கட்டுக்குள் நெய்துகொண்டிருப்பவள் அவள். சாபம் பலித்த பின் படகில் மிதந்தபடி பாடிக்கொண்டே இறப்பாள். பிற்காலத்தில் வாட்டர்ஹவுஸ் முதலியோர் விரும்பி வரைந்தது படகில் போகும் அந்தப் பெண்ணை. 1853இல் சிடால் மையால் வரைந்த சிறு படத்தில் படகும் இல்லை, நீரும் இல்லை. நாயகி தன் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, நூல்கள் அறுந்து பறக்கின்றன. அவள் தலையைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.